பிரான்சின் நாட்டுப்புற மலை மிதிவண்டித் தடங்கள்

பிரான்சின் நாட்டுப்புற மலை மிதிவண்டித் தடங்கள் என்பன, பிரான்சு நாட்டின் வயல்வெளிகள், காடுகள், மேய்ச்சல் நிலங்கள், மலைச்சரிவுகள் ஆகியவற்றினூடாகச் செல்லும், தார் இடப்படாத, மலை மிதிவண்டிப் பயணத்துக்கு ஏற்ற பாதைகளைக் குறிக்கும். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை மிதிவண்டிக்காக அமைக்கப்பட்டவை அல்ல. உழவர்களும், ஆயர்களும், கழுதையோட்டிகளும், விறகு வெட்டுவோரும் பல நூற்றாண்டுகளாக நடந்து உண்டாக்கிய பாதைகளே இன்று மிதிவண்டித் தடங்களாகப் பயன்படுகின்றன.

20 ஆம் நூற்றாண்டில் நாட்டுப்புற மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததாலும், வேளாண்மை இயந்திரமயமானதாலும் இப்பாதைகளில் பல கைவிடப்பட்டன. கைவிடப்பட்ட பாதையைப் புதர் மூடிவிடும். சில வேளைகளில் அருகிலுள்ள நிலத்துடன் அது சேர்ந்தும் விடும். பிரெஞ்சுச் சட்டப்படி இத்தகைய பாதைகளுக்கான பாதுகாப்பு, பொதுமக்கள் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்துவதுடன் நெருங்கிய தொடர்புடையது. இதனால் மலை மிதிவண்டி ஓட்டுதல் ஒரு விளையாட்டாக மட்டுமன்றி, பழைய பாதைகள் நிலைத்திருப்பதற்கான காரணங்களுள் ஒன்றாகவும் விளங்குகின்றது.

பெயர்

மலை மிதிவண்டி பிரெஞ்சு மொழியில் "வேலோ து தெரேன்" என அழைக்கப்படுகின்றது. "எல்லா வகை நிலத்துக்குமான மிதிவண்டி" என்பது இதன் பொருள். இதன் முதலெழுத்துகளைச் சேர்த்து "வே-தே-தே" என்று சுருக்கமாகக் கூறுவதே பேச்சு வழக்கு. பிரெஞ்சுப் பெயரில் மலை என்னும் சொல் இல்லாதது கவனிக்கத்தக்கது. சமவெளியும் குன்றுகளும் மிகுந்த பிரித்தனி, நோர்மாண்டி போன்ற மலையற்ற பகுதிகளிலும் இவ்விளையாட்டு பரவலாக உள்ளது.

வரலாறு

கரடுமுரடான நிலத்தில் மிதிவண்டி ஓட்டும் முயற்சிகள் பிரான்சில் முன்னரே இருந்தன. 1950களின் முற்பகுதியில், பாரிசின் புறநகர்ப் பகுதிகளைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் தங்கள் மிதிவண்டிகளில் மாற்றங்கள் செய்து, மேடுபள்ளமான காட்டு நிலங்களில் ஓட்டி வந்தனர். இக்குழு சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது.

இன்றைய மலை மிதிவண்டி, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970களில் உருவானது. 1980களின் முற்பகுதியில் இது பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. 1984 ஆம் ஆண்டில், நடுநிலக்கடற் கரையில் உள்ள ரமத்துயேல் என்னும் ஊரில் "ரோக் தசூர்" என்னும் போட்டி முதன்முறையாக நடத்தப்பட்டது. ஒரு சிலரோடு தொடங்கிய இந்நிகழ்வு, பின்னர் ஃபிரேஜுஸ் நகருக்கு மாற்றப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் விழாவாக வளர்ந்தது. 1987 இல் வெர்கோர் மலைப்பகுதியின் வியார்-த-லான்சில், அதிகாரபூர்வமற்ற உலகப் போட்டி ஒன்று இடம்பெற்றது. 1993 இல் ஜூரா மலைகளிலுள்ள மெத்தாபியெஃபிலும், 2004, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆல்ப்சு மலைகளிலுள்ள லே ஜேயிலும் உலக வாகையர் போட்டிகள் நடைபெற்றன.

இவ்விளையாட்டு பரவிய காலம், நாட்டுப்புறப் பாதைகளைப் பற்றிய அக்கறை பிரான்சில் மீண்டும் எழுந்த காலமும் ஆகும். நடைபயணிகளுக்கான நெடுந்தொலைவுப் பாதைகளின் வலையமைப்பு 1947 ஆம் ஆண்டிலிருந்து உருவாகி வந்தது. மிதிவண்டியினர் வந்தபோது, அடையாளமிடப்பட்ட பாதைகளும், நல்ல நிலப்படங்களும், பாதைகளைத் துப்புரவு செய்யும் தன்னார்வலர் சங்கங்களும் ஏற்கெனவே இருந்தன.

பாதைகளின் வகைகள்

தடங்களின் இயல்பு, அவை முதலில் எத்தேவைக்காக உருவாயின என்பதைப் பொறுத்து இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. முக்கியமான சில வகைகள் கீழே விளக்கப்படுகின்றன.

பள்ளப் பாதைகள்: பிரித்தனி, நோர்மாண்டி ஆகிய மேற்குப் பகுதிகளில் வயல்கள் மண்வரம்புகளாலும் உயிர்வேலிகளாலும் சூழப்பட்டுள்ளன. இவ்வேலிகளுக்கு இடையே வண்டிச் சக்கரங்களும், கால்நடைகளின் குளம்புகளும், மழைநீரும் சேர்ந்து அரித்ததால் பாதைகள் வயல் மட்டத்தைவிடத் தாழ்ந்து காணப்படுகின்றன. இருபுறமும் மரங்கள் கவிந்திருப்பதால் கோடையில் இவை குளிர்ச்சியாகவும், மழைக்காலத்தில் சேறு நிறைந்தும் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய நில ஒருங்கிணைப்பின்போது, சிறு வயல்கள் பெரிய வயல்களாக இணைக்கப்பட்டமையால், உயிர்வேலிகளுடன் இப்பாதைகளும் பெருமளவில் அழிந்தன.

மந்தைப் பாதைகள்: தெற்கே உள்ள செவென் மலைப்பகுதியிலும் அதன் சூழலிலும், கோடைக்காலத்தில் ஆட்டு மந்தைகளைத் தாழ்நிலத்திலிருந்து உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச்செல்லும் பாதைகள் "திராய்" எனப்படுகின்றன. ஆடுகள் இயல்பாகவே மலைமுகடுகளை ஒட்டிச் செல்வதால், இப்பாதைகளும் பள்ளத்தாக்குகளைத் தவிர்த்து முகட்டின் மேலேயே நெடுந்தூரம் செல்கின்றன. கோஸ், செவென் பகுதிகளின் மேய்ச்சல் பண்பாட்டு நிலத்தோற்றம் 2011 ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மந்தைப் பாதைகள் இந்நிலத்தோற்றத்தின் பகுதியாகும்.

கல் பாவிய பாதைகள்: புரோவான்சு, செவென் ஆகிய பகுதிகளில் செங்குத்தான சரிவுகளில் சுமை விலங்குகள் வழுக்காமல் ஏறுவதற்காகக் கற்களை நெருக்கமாக நட்டுப் பாதை அமைத்தனர். இது "கலாத்" எனப்படும். நீரை ஓரத்துக்குத் திருப்பும் குறுக்குக் கற்களும் இதில் இருக்கும். ஈரமான கலாத்தில் மிதிவண்டி எளிதில் சறுக்கும்.

கழுதைப் பாதைகள்: ஆல்ப்சு மலைகளின் தென்பகுதியில் ஊர்களை இணைத்த பழைய சுமைப் பாதைகள், கொண்டையூசி வளைவுகளாக மலைச்சரிவில் ஏறுகின்றன. சுமை ஏற்றிய விலங்கு களைப்படையாத அளவுக்கு இவற்றின் சரிவு சீராக அமைந்திருப்பதே, இன்று மிதிவண்டி இறங்குவதற்கும் இவற்றை ஏற்றதாக்குகின்றது.

காட்டுப் பாதைகள்: வோஜ் மலைகளில், 1872 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வோஜ் மன்றம் அடர்த்தியான நடைபாதை வலையமைப்பை உருவாக்கியுள்ளது. தென்மேற்கே லாந்த் பகுதியின் பரந்த பைன் காடுகளிலும், நடுநிலக்கடற் கரையோரக் காடுகளிலும், தீயணைப்பு வண்டிகள் செல்வதற்காக வெட்டப்பட்ட அகன்ற தீத்தடுப்புப் பாதைகள் உள்ளன. பொது மோட்டார் போக்குவரத்து இல்லாமையால் இவற்றுள் பல மிதிவண்டிக்கு ஏற்றவை.

மேற்கூறியவற்றைத் தவிர, கால்வாய்க் கரைகளில் படகுகளை இழுத்துச் செல்ல அமைக்கப்பட்ட பாதைகளும் உள்ளன. இவை சமதளமானவை, பயிற்சி இல்லாதோருக்கும் சிறுவர்களுக்கும் ஏற்றவை.

மண்ணும் பாறையும்

தடத்தின் கடினம் சரிவை மட்டும் பொறுத்ததன்று. நிலத்தின் பாறை வகையும் அதனைத் தீர்மானிக்கின்றது. மோர்வான், லோசேர் ஆகிய கருங்கற் பகுதிகளில் பாறை சிதைந்து பருமணலாக மாறுவதால் நீர் விரைவில் வடிந்துவிடும். மழைக்குப் பின்னரும் தடம் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்களில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கிவிடுவதால் மேற்பரப்பில் ஓடைகள் அரிது. அங்கு பயணம் செய்வோர் குடிநீரைச் சுமந்து செல்லவேண்டும். ஓவேர்ஞ் பகுதியின் எரிமலைக் குன்றுகளில் சிவந்தும் கறுத்தும் காணப்படும் எரிமலைச் சரளை, சக்கரத்தை உள்வாங்கக் கூடியது.

தென்கிழக்கில் தீஞ்-லெ-பேன் நகரைச் சூழ்ந்துள்ள "கரும் நிலங்கள்" தனித்தன்மை வாய்ந்தவை. சுராசிக் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணக்களி இங்கு தாவரப் போர்வையின்றிக் கறுத்த முகடுகளாகத் தோன்றுகின்றது. உலர்ந்திருக்கும்போது இம்முகடுகளில் மிதிவண்டி நன்கு பிடித்து ஓடும். நனைந்தால் சக்கரம் சுழலாத அளவுக்குக் களி ஒட்டிக்கொள்ளும். அருகிலுள்ள திரே என்னும் சிற்றூரில் 1980களிலிருந்து மண்ணரிப்பு அளவிடப்பட்டு வருகின்றது. வெறுமையான சரிவுகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வரை தேய்கின்றன.

நெடுந்தொலைவுத் தடங்கள்

பல நாட்கள் தொடர்ந்து பயணம் செய்வதற்கான தடங்கள் "பெரும் கடப்புகள்" என அழைக்கப்படுகின்றன. இவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

மத்திய மலைத்தொகுதிப் பெரும் கடப்பு, மோர்வான் பகுதியின் வாயிலான அவலோனில் தொடங்கி, நடுநிலக்கடற் கரையிலுள்ள காப் தாக்தில் முடிவடைகின்றது. இதன் நீளம் சுமார் 1,400 கிலோமீட்டர். மோர்வானின் காடுகள், ஓவேர்ஞ் எரிமலைகள், ஓப்ராக் மேட்டுநிலம், செவென் மலைகள், கோஸ் சுண்ணாம்புக்கல் நிலங்கள் ஆகியவற்றை இது கடந்து செல்கின்றது. வடக்கே ஓக் மரங்களுடன் தொடங்கும் பயணம், தெற்கே ஒலிவ மரங்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் முடிகின்றது. நாட்டின் மிகக் குறைந்த மக்களடர்த்தி கொண்ட பகுதிகள் சிலவற்றினூடாகச் செல்வதால், உணவுக்கும் தங்குமிடத்துக்கும் முன்கூட்டியே திட்டமிடுவது அவசியமாகும்.

ஜூரா பெரும் கடப்பு, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலைகளினூடாக வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் சுமார் 400 கிலோமீட்டர் தூரம் செல்கின்றது. ஊசியிலைக் காடுகளும், மாடுகள் மேயும் மரமடர்ந்த புல்வெளிகளும் இதன் சிறப்பியல்புகள். கொம்தே பாலாடைக்கட்டி செய்யும் ஊர்கள் வழியில் அமைந்துள்ளன. மேய்ச்சல் நிலங்களைக் கடக்கும்போது வாயில்களைத் திறந்தவர் மீண்டும் மூடிச்செல்லவேண்டும் என்பது இங்கு கண்டிப்பான வழக்கமாகும்.

குறியீடுகளும் தர வகைப்பாடும்

பிரான்சின் மிதிவண்டித் தடங்களில் ஒரு முக்கோணமும் அதனுடன் இரண்டு வட்டங்களும் கொண்ட குறி பயன்படுத்தப்படுகின்றது. வட்டங்கள் இரு சக்கரங்களைக் குறிக்கின்றன. முக்கோணத்தின் முனை செல்லவேண்டிய திசையைக் காட்டுகின்றது. மரம், கம்பம், சுவர் ஆகியவற்றில் இக்குறி பொருத்தப்படும். குறியுடன் தடத்தின் எண்ணும், கடினத்தைக் காட்டும் நிறமும் தரப்படும். அந்நிறங்கள் பின்வருமாறு:

பச்சை - மிக எளிது. அகன்ற, சமதளமான பாதை.
நீலம் - எளிது. சிறு ஏற்றங்களும் இறக்கங்களும் உண்டு.
சிவப்பு - கடினம். ஒற்றையடிப் பாதைகளும் செங்குத்தான பகுதிகளும் உண்டு.
கறுப்பு - மிகக் கடினம். பயிற்சி பெற்றோருக்கு மட்டும் உரியது.

பனிச்சறுக்குச் சரிவுகளுக்கு வழங்கும் நிறங்களும் இவையே என்பதால், மலை ஊர்களின் மக்களுக்கு இவை ஏற்கெனவே பழக்கமானவை. பிரெஞ்சு மிதிவண்டி ஓட்டக் கூட்டமைப்பு இத்தகைய தடத் தொகுதிகளுக்குத் தரச் சான்று வழங்குகின்றது.

நடைபயணிகளின் நெடுந்தொலைவுப் பாதைகளுக்கு வெள்ளையும் சிவப்புமான இரு கோடுகளும், குறுகிய உள்ளூர்ப் பாதைகளுக்கு மஞ்சள் கோடும் இடப்படுகின்றன. ஒரே பாதையில் நடைக்குறியும் மிதிவண்டிக் குறியும் சேர்ந்து காணப்படுவது வழக்கமானது. எனினும் நடைக்குறி உள்ள பாதைகள் எல்லாம் மிதிவண்டிக்கு ஏற்றவை என்று கருத முடியாது. தேசியப் புவியியல் நிறுவனம் வெளியிடும் 1:25,000 அளவுத்திட்ட நிலப்படங்கள் இவ்வாறான பாதைகளைத் தனித்தனியே காட்டுகின்றன. இப்படங்களில் 1 சென்டிமீட்டர், நிலத்தில் 250 மீட்டரைக் குறிக்கும். ஆனால், படத்தில் ஒரு பாதை இருப்பதனால் மட்டும் அதில் செல்லும் உரிமை உண்டாகாது.

சட்ட நிலை

பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு மண்பாதைகள், சட்டத்தின் பார்வையில் முற்றிலும் வேறானவையாக இருக்கலாம். பிரான்சின் மிகச் சிறிய உள்ளாட்சி அலகு "கொம்யூன்" ஆகும். நாட்டில் சுமார் 35,000 கொம்யூன்கள் உள்ளன. பாதைகளின் சட்ட நிலை பெரும்பாலும் இவற்றுடன் தொடர்புடையது.

நாட்டுப்புறப் பாதை என்னும் சட்ட வகை, கொம்யூனுக்குச் சொந்தமான, பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துள்ள, ஆனால் கொம்யூன் சாலையாக வகைப்படுத்தப்படாத பாதைகளைக் குறிக்கும். கொம்யூன் சாலைகளை விற்க முடியாது. நெடுங்கால அனுபோகத்தின் மூலம் ஒருவர் அவற்றுக்கு உரிமை கொண்டாடவும் முடியாது. நாட்டுப்புறப் பாதைகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. அவை கொம்யூனின் தனிச் சொத்தாகக் கருதப்படுவதால், பொதுப் பயன்பாடு நின்றுபோனால், பொது விசாரணைக்குப் பின்னர் அவற்றை விற்கலாம். அருகிலுள்ள நில உடைமையாளர் ஒருவர் பாதையை உழுது 30 ஆண்டுகள் அனுபவித்து வந்தால், அதற்கு உரிமை கோரவும் இயலும். அவற்றைப் பராமரிக்கும் பொதுவான கடமையும் கொம்யூனுக்கு இல்லை.

பாதை பொதுப் பயன்பாட்டில் உள்ளது என்பதற்கு, மக்கள் அதனை வழியாகப் பயன்படுத்துவதே சான்றுகளுள் ஒன்றாகச் சட்டத்தில் ஏற்கப்படுகின்றது. எனவே ஒரு பாதையில் நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும், அறிந்தோ அறியாமலோ, அப்பாதை பொதுப்பாதை என்பதற்குச் சான்று அளிக்கின்றனர். எவரும் செல்லாத பாதை இச்சான்றை இழக்கின்றது.

பண்ணைப் பாதை என்பது மற்றொரு வகை. இது அடுத்தடுத்த நிலங்களின் உடைமையாளர்கள் தம்முள் போக்குவரத்துக்காக வைத்திருக்கும் பாதையாகும். பொதுமக்கள் இதில் செல்ல அனுமதிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் உடைமையாளர்கள் அவ்வனுமதியை விலக்கிக்கொள்ளலாம்.

பிரான்சின் ஐரோப்பிய நிலப்பரப்பிலுள்ள காடுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தனியாருக்குச் சொந்தமானது. ஆகையால் பல தடங்கள், உடைமையாளர்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் அடிப்படையிலேயே தனியார் நிலத்தைக் கடக்கின்றன.

பாதைகளைப் பாதுகாப்பதில் 1983 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று முக்கியமானது. இதன்படி ஒவ்வொரு மாவட்டமும் உலா, நடைபயணப் பாதைகளுக்கான திட்டம் ஒன்றைத் தயாரிக்கின்றது. இத்திட்டத்தில் சேர்க்கப்பட்ட நாட்டுப்புறப் பாதையை விற்கவேண்டுமாயின், தொடர்ச்சி அறுந்துவிடாத வகையில் அதற்கு ஈடான மாற்றுப் பாதை அளிக்கப்படவேண்டும். நடைபயணிகளை மனத்திற்கொண்டு உருவான இவ்வேற்பாட்டினால் மிதிவண்டியினரும் பயனடைகின்றனர். பெப்ரவரி 2022 இல் இயற்றப்பட்ட சட்டம், தனது பாதைகளைக் கணக்கெடுக்க முடிவு செய்யும் கொம்யூனுக்கு மற்றொரு பாதுகாப்பை அளித்தது. கணக்கெடுப்பு நடைபெறும் காலத்தில், அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்கு, அனுபோக உரிமைக்கான காலக்கணக்கு நிறுத்திவைக்கப்படும்.

இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது பெப்ரவரி 2023 இல் இயற்றப்பட்ட சட்டம். காட்டு விலங்குகளின் நடமாட்டத்தைத் தடுக்கும் உயர்ந்த வேலிகளைக் கட்டுப்படுத்துவது இதன் முதன்மை நோக்கமாகும். ஆனால் இதே சட்டம், தனியார் நிலம் என்பது அடையாளப் பலகை முதலியவற்றால் காட்டப்பட்டிருந்தால், அனுமதியின்றி அதனுள் நுழைவதைத் தண்டத்துக்குரிய குற்றமாகவும் ஆக்கியது. வேலியை அகற்றும் உடைமையாளருக்கு ஈடாக இவ்விதி சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் சார்த்ரூஸ் மலைகளின் இயற்கைக் காப்பகத்தில் அமைந்த தனியார் நிலம் ஒன்றில் தடைப் பலகைகள் வைக்கப்பட்டபோது, நெடுங்காலமாக அங்கு சென்றுவந்த நடைபயணிகளும் மலையேறுவோரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். சொத்துரிமைக்கும் இயற்கையை நாடிச் செல்லும் உரிமைக்கும் இடையிலான வழக்கு இதனால் நாடு தழுவிய விவாதமாயிற்று.

தேசியப் பூங்காக்களின் மையப் பகுதிகளில் தனி விதிகள் உள்ளன. வனுவாஸ், எக்ரான் போன்ற ஆல்ப்சுப் பூங்காக்களின் மையப் பகுதியில், அனுமதிக்கப்பட்ட சில பாதைகளைத் தவிர ஏனைய இடங்களில் மிதிவண்டி ஓட்டக்கூடாது. இயற்கை நிலங்களில் சாலைக்கு வெளியே மோட்டார் வண்டி ஓட்டுவது 1991 ஆம் ஆண்டின் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை மட்டும் உதவும், 250 வாட்டுக்கு மிகாத மின்பொறி கொண்ட மிதிவண்டி, சட்டப்படி மிதிவண்டியாகவே கருதப்படுவதால் இத்தடை அதற்குப் பொருந்தாது.

பராமரிப்பும் மண்ணரிப்பும்

தடங்களைப் பேணும் வேலையில் பெரும்பகுதியை ஊர் மன்றங்கள் செய்கின்றன. இவை 1901 ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட, ஆதாயம் கருதாத அமைப்புகளாகும். குளிர்காலத்தின் இறுதியில் உறுப்பினர்கள் கத்தி, வாள், மண்வெட்டி ஆகியவற்றுடன் சென்று விழுந்த மரங்களை அகற்றி, முட்புதர்களை வெட்டி, வடிகால்களைத் திறந்துவிடுகின்றனர்.

பாதையின் முதன்மைப் பகை நீராகும். சரிவில் ஓடும் நீர் பாதையின் நடுவே தொடர்ந்து ஓடினால் அது வேகம் பெற்று வாய்க்கால் போல அரித்துவிடும். இதனைத் தவிர்க்கப் பாதையின் குறுக்கே சாய்வாகக் கட்டையோ கல்லோ பதித்து, நீரை ஓரத்துக்குத் திருப்புவர். மிதிவண்டி ஓட்டுபவர் பிரேக்கை அழுத்திப் பின்சக்கரத்தைச் சுழலவிடாமல் இழுத்துச் சென்றால், மண்ணின் மேற்பரப்பு பெயர்ந்து ஒரு கீறல் உண்டாகும். அடுத்த மழையில் அக்கீறலே வாய்க்காலாகும். வளைவுகளைக் குறுக்காகக் கடப்பதும் இதே விளைவைத் தருவது. சேறு நிறைந்த நாட்களில் ஓரமாக விலகிச் செல்வதால் பாதை அகன்று, புல்வெளி அழிகின்றது. ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல், பாதையின் நடுவிலேயே செல்லுதல், கனமழைக்குப் பின் களிமண் தடங்களைத் தவிர்த்தல் ஆகியவை மன்றங்களின் பொதுவான அறிவுரைகளாகும்.

விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்னும் அச்சத்தினால், பல உடைமையாளர்கள் தங்கள் நிலத்தில் தடம் அமைவதை விரும்புவதில்லை. மேற்கூறிய 2022 ஆம் ஆண்டின் சட்டம் இவ்வச்சத்தை ஓரளவு குறைத்தது. விளையாட்டில் இயல்பாக உள்ள, எதிர்பார்க்கத்தக்க ஆபத்தினால் விளைந்த சேதத்துக்கு, நிலத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் என்னும் காரணத்தினால் மட்டும் ஒருவர் பொறுப்பாக மாட்டார் என்று அச்சட்டம் கூறுகின்றது.

பாதையின் பிற பயனர்கள்

நாட்டுப்புறப் பாதையில் மிதிவண்டியினர் தனித்துச் செல்வதில்லை. நடைபயணிகளுக்கு வழிவிட்டு, வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, வணக்கம் கூறிக் கடப்பது வழக்கம். குதிரையைக் கடக்கும்போது பின்னாலிருந்து ஓசையின்றி அணுகக்கூடாது.

மேய்ச்சல் நிலங்களில் காவல் நாய்களைச் சந்திக்க நேரிடலாம். பிரான்சில் முற்றாக அழிந்திருந்த ஓநாய், 1992 ஆம் ஆண்டில் இத்தாலியப் பக்கத்திலிருந்து மெர்கான்தூர் மலைகளுக்குத் திரும்பி வந்தது. அதன் பின்னர் ஆயர்கள் "பத்தூ" என்னும் பெரிய வெண்ணிற நாய்களை மந்தைகளுடன் விடுகின்றனர். விரைந்து வரும் மிதிவண்டியை இந்நாய்கள் தாக்குதலாகக் கருதக்கூடும். எனவே மந்தையைக் கண்டவுடன் இறங்கி, மிதிவண்டியை நாய்க்கும் தனக்கும் இடையே வைத்து, அமைதியாக நடந்து, மந்தையைச் சுற்றிக் கடக்கவேண்டும்.

வேட்டைப் பருவம் பொதுவாகச் செப்டெம்பர் முதல் பெப்ரவரி இறுதி வரை நீடிக்கின்றது. தடங்கள் உலர்ந்து மிதிவண்டிக்கு ஏற்றதாக உள்ள இலையுதிர்காலமும் இதனுள் அடங்குகின்றது. அக்டோபர் 2018 இல் ஓத்-சவுவா மாவட்டத்தின் மோன்ரியோன் அருகே, மலை மிதிவண்டி ஓட்டிச் சென்ற ஒருவர் வேட்டைக்காரரின் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். இந்நிகழ்வு வேட்டை விதிகளைப் பற்றிய விவாதத்தைத் தீவிரமாக்கியது. 2019 ஆம் ஆண்டின் சட்டம், பெரிய விலங்குகளைக் கூட்டமாக வேட்டையாடுவோர் பளிச்சிடும் மேலாடை அணிவதையும், பாதைகளில் எச்சரிக்கைப் பலகை வைப்பதையும் கட்டாயமாக்கியது. மிதிவண்டியினரும் இக்காலத்தில் பளிச்சிடும் நிற ஆடை அணிவது நலம்.

கோடைக்காலத்தில் நடுநிலக்கடற் பகுதிகளில் காட்டுத்தீ அபாயம் மிகும் நாட்களில், காடுகளுக்குள் செல்வது மாவட்ட நிர்வாகத்தால் தடைசெய்யப்படுகின்றது. புறப்படுமுன் அந்நாளுக்குரிய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவேண்டும். நாட்டில் எங்கிருந்தும் 112 என்னும் அவசர எண்ணை அழைக்கலாம்.

வழியிலுள்ள வசதிகள்

சிற்றூர்களில் கடைகள் குறைந்து வருகின்றன. ரொட்டிக்கடை காலையில் திறந்து நண்பகலில் மூடப்படும். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, விடுமுறையாக இருக்கும். குடிநீருக்கு ஊர்ச் சதுக்கத்திலுள்ள நீரூற்றுகளை நாடலாம். "குடிப்பதற்கு உகந்ததன்று" என்னும் அறிவிப்பு இல்லாதிருப்பதை உறுதி செய்துகொள்ளவேண்டும். கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிகளுக்கு நீர் ஊற்றுவதற்காகக் குழாய் இருப்பது வழக்கமாதலால், அனுபவமுள்ள பயணிகள் அங்கும் நீர் நிரப்பிக்கொள்கின்றனர். நெடுந்தொலைவுப் பயணிகள் பலர் ஒரே கூடத்தில் உறங்கி, ஒரே மேசையில் உண்ணும் "ஜீத் தெத்தாப்" என்னும் விடுதிகள் முக்கிய தடங்களை ஒட்டி அமைந்துள்ளன.

ஊர்த் திரள்களும் போட்டிகளும்

போட்டியற்ற ஞாயிற்றுக்கிழமைத் திரள்கள் பிரெஞ்சு நாட்டுப்புற மிதிவண்டி வாழ்வின் அடிப்படையாகும். ஊர் மன்றம் பல தொலைவுகளில் தடங்களை அடையாளமிட்டு, இடையிடையே உணவும் நீரும் வழங்குகின்றது. பிரித்தனியின் உயெல்கோவாத்தில் நடைபெறும் "ரோக் தே மோன் தாரே" போன்ற பெரிய திரள்களில் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கின்றனர். ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் தம் நிலத்தைக் கடக்க இசைவு தரும் உடைமையாளர்களும் உள்ளனர்.

மலைப் பகுதிகளில் இறக்கப் போட்டிகள் வளர்ந்தன. 1995 ஆம் ஆண்டில் ஆல்ப் துவேசில் தொடங்கிய "மெகாவலான்ஷ்", சுமார் 3,300 மீட்டர் உயரத்திலுள்ள பனியாற்றிலிருந்து பள்ளத்தாக்கு வரை இறங்கும் போட்டியாகும். ஏறும்போது நேரம் கணக்கிடாமல் இறங்கும்போது மட்டும் கணக்கிடும் "எந்துரோ" என்னும் போட்டி வகை, 2003 இல் வால் தாலோசில் நடைபெற்ற நிகழ்வுடன் உருப்பெற்றது. மக்கள் ஓய்வு நாட்களில் நண்பர்களுடன் ஓட்டும் முறையை ஒத்திருந்தமையால் இது விரைவில் பிற நாடுகளுக்கும் பரவியது. 2024 பாரிசு ஒலிம்பிக்கின் மலை மிதிவண்டிப் போட்டி, பழைய கற்சுரங்கமும் பின்னர் கழிவு கொட்டும் இடமுமாக இருந்த எலான்கூர் குன்றில் நடைபெற்றது. மகளிர் பிரிவில் பிரான்சின் போலின் பெரான்-பிரெவோ தங்கப் பதக்கம் வென்றார்.

மாறிவரும் நிலை

குளிர்காலப் பனி குறைந்து வருவதால், தாழ்வான உயரத்திலுள்ள பனிச்சறுக்கு ஊர்கள் பனியற்ற பருவங்களுக்கான வேறு வருவாயைத் தேடுகின்றன. மெத்தாபியெஃப், ஆல்ப்சுப் பனிச்சறுக்கு முடிவுக்கு வருவதை எதிர்நோக்கி முன்கூட்டியே திட்டமிடத் தொடங்கிய ஊர்களுள் ஒன்றாகும். கோடையில் மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லும் இருக்கைத் தூக்கிகள் அங்கு பயன்படுகின்றன. இவ்வாறான ஊர்களில் புதிதாக வெட்டப்படும் தடங்கள், பழைய பாதைகளிலிருந்து வேறுபட்டு, மிதிவண்டிக்கென்றே வளைவுகளும் மேடுகளும் கொண்டு அமைக்கப்படுகின்றன.

மின்னுதவி மிதிவண்டிகளின் பெருக்கம், முன்னர் இளையோரும் வலிமையுடையோரும் மட்டும் சென்ற இடங்களுக்கு முதியோரையும் கொண்டு சேர்த்துள்ளது. இதனால் தொலைவான ஊர்களின் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் வாடிக்கையாளர்கள் கிடைக்கின்றனர். அதே வேளையில் தடங்களில் நெரிசலும் தேய்மானமும் மிகுந்து, பராமரிப்பவர்களின் பணியும் கூடியுள்ளது.

பாதைகளைக் கணக்கெடுத்து, மாவட்டத் திட்டத்தில் சேர்த்து, பலகை வைத்து, ஆண்டுதோறும் புதர் வெட்டும் கொம்யூன்களில் பழைய பாதைகள் மீண்டும் திறக்கப்படுகின்றன. இவை எதுவும் நடைபெறாத இடங்களில், நிலப்படத்தில் காணப்படும் பாதைகள் நிலத்தில் இல்லாமற் போகின்றன.